முப்பத்தொன்பதாம் உறுப்புரையும் வன்னிப் பிள்ளைகளும்

2009ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் முள்ளிவாய்க்காலின் கடற்கரை மணலிலோ, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் கூடாரமொன்றிலோ பிறந்து, தாயின் மடியில் உயிரோடு கிடந்ததே தெய்வாதீனம் என்று பெற்றோர் கருதிய பிள்ளைகள் இப்போது பதினாறு வயதைக் கடந்துவிட்டார்கள். இலங்கைச் சட்டப்படி கட்டாயக் கல்வியின் எல்லை பதினாறு. ஒருவரை வேலைக்கமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021 முதல் பதினாறேயாகும். 2027இல் அவர்களுக்குப் பதினெட்டும் நிறைந்துவிடுமாதலால், பிள்ளைகள் என்ற முறையில் இந்த நாடு அவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடனில் எது செலுத்தப்பட்டது, எது நிலுவையில் நிற்கிறது என்று கணக்குப் பார்க்க எஞ்சியிருக்கும் காலம் மிகச் சொற்பம். யுத்தத்தின் பின் வன்னியில் வளர்ந்த முதல் தலைமுறை இது. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சிறுவர் உரிமைகளின் நிலை யாது என்னும் வினாவுக்கு இத்தலைமுறையை முன்னிறுத்தி விடை தேடுவதே நியாயம்.

ஏட்டளவில் நம் நாடு பின்தங்கியதன்று. 1989 நவம்பர் 20ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 ஜூலை 12ஆம் திகதியே ஏற்றுறுதி செய்தது. மறு ஆண்டில் சிறுவர் பட்டயம் பிரகடனம் செய்யப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை தோன்றியது. எட்டு வயதுப் பிள்ளையையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இடமளித்த தண்டனைக் கோவையின் பழைய விதி 2018இல் திருத்தப்பட்டு, குற்றப்பொறுப்பின் வயது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. முறையிடுவதற்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. மூன்று மாவட்டங்களிலுமுள்ள 14 பிரதேச செயலர் பிரிவுகளுக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் என்னும் பதவிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோராண்டும் ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தின விழாவும் குறைவின்றி நடைபெறுகின்றது.

ஆயினும் சட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டும் விழாக்களின் பொலிவைக் கொண்டும் ஒரு பிரதேசத்துப் பிள்ளைகளின் நிலையை அளவிடுதல் இயலாது. சமவாயத்தில் 54 உறுப்புரைகள் உள்ளன. அவற்றுள் கல்வியைப் பற்றியதும் சுகாதாரத்தைப் பற்றியதும் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் பொதுவானவை. முப்பத்தொன்பதாவது உறுப்புரையோ, வன்னியை மனத்திற் கொண்டே எழுதப்பட்டதோ என்று நினைக்கத் தோன்றும். ஆயுத மோதலினாலும் வதையினாலும் புறக்கணிப்பினாலும் பாதிப்புற்ற பிள்ளை உடலாலும் உள்ளத்தாலும் தேறி, சமூகத்தோடு மீள இணைவதற்கு வேண்டிய சகல நடவடிக்கைகளையும் அரசு எடுத்தல் வேண்டும் என்றும், அந்தத் தேறுதல் பிள்ளையின் ஆரோக்கியத்தையும் சுயமரியாதையையும் மேன்மையையும் வளர்க்கும் சூழலிலே நிகழ்தல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. கடந்த பதினாறு ஆண்டுகளின் பரிபாலனத்தை இந்த ஓர் உறுப்புரையைக் கொண்டு உரைத்துப் பார்ப்பதே என் நோக்கம்.

யுத்த காலத்தில் வன்னிப் பிள்ளைக்கு இழைக்கப்பட்ட தீங்கு ஒரு திசையிலிருந்து மட்டும் வந்ததன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழர்களாகிய நாம் அதைச் சொல்லத் தயங்குவோமாயின், மற்றவர்களிடம் நியாயம் கேட்கும் தகுதியை இழந்துவிடுவோம். விடுதலைப் புலிகள் வயது வராத பிள்ளைகளைத் தம் படையிற் சேர்த்தார்கள். 2003இல் யுனிசெப் நிறுவனத்தின் அனுசரணையோடு, யுத்தத்தால் பாதிப்புற்ற சிறுவர்களுக்கான செயற்றிட்டமொன்றை அரசும் புலிகளும் ஏற்றுக்கொண்ட பின்னரும் அது நிற்கவில்லை. இறுதிக் காலத்தில் வீட்டுக்கொருவர் என்ற நிலையும் கடந்து போயிற்று. மறுபுறம், 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானப் படை குண்டு வீசியபோது ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் உயர்தர வகுப்பு மாணவியர். 2009இன் முதல் ஐந்து மாதங்களில், பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த ஒடுங்கிய நிலப்பரப்புக்குள் விழுந்த எறிகணைகளால் எத்தனை பிள்ளைகள் மாண்டார்கள் என்பதற்கு இன்றுவரை பெயர்வாரியான பதிவேடு ஒன்று அரசிடம் இல்லை. இறந்த பிள்ளையின் பெயரை எழுதிவைக்காத அரசு, அப்பிள்ளையின் கூடப்பிறந்தவர்களைத் தேற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்ள இயலுமா?

யுத்தம் ஓய்ந்ததும் வவுனியா முழுதுமே ஒரு முகாமாயிற்று. நகரத்துப் பாடசாலைகளின் வகுப்பறைகளில் குடும்பங்கள் அடைக்கப்பட்டன. செட்டிகுளத்தில் காடு வெட்டி அமைக்கப்பட்ட மெனிக் பாம் வலயங்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் இருந்தனர். ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியோரின் நாமங்களையே அந்த வலயங்களுக்கு இட்டிருந்தார்கள். கடைசிக் குடும்பம் அங்கிருந்து வெளியேறியது 2012 செப்டெம்பரில். தம் வாழ்வின் முதல் மூன்று ஆண்டுகளையும் தறப்பாள் கூரையின் கீழ் கழித்த பிள்ளைகளும் உண்டு.

அக்காலத்தில் நற்பயன் தந்த ஒரு காரியமும் நடந்தது. புலிகளின் அணியிலிருந்து சரணடைந்த அல்லது பிடிபட்ட சிறுவர்கள் 594 பேர். ஆண்கள் 364, பெண்கள் 230. அவர்களைக் குற்றவாளிகளாகக் கருதாமல், பாதிப்புற்ற பிள்ளைகளாகவே ஏற்று, அம்பேபுஸ்ஸையிலும் வவுனியா பூந்தோட்டத்திலும் பின்னர் இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் தங்கவைத்துப் படிப்பித்து, ஏறத்தாழ ஓராண்டில் குடும்பங்களிடம் சேர்த்தார்கள். அந்தக் கொள்கை சரியானது. அதைச் செய்த உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் மதிப்புக்குரியவர்கள். ஆனால் முப்பத்தொன்பதாம் உறுப்புரை ஓராண்டுத் தவணையோடு முடிந்துவிடுவதன்று. ஊருக்குத் திரும்பிய பிள்ளையை ஒரு பக்கம் புலனாய்வாளர் வீடு தேடி வந்து விசாரிக்க, மறுபக்கம் அயலவர் அஞ்சி ஒதுக்க, கூரையில்லாத வீட்டில், உழைக்கத் தந்தையில்லாத குடும்பத்தில், விட்ட படிப்பைத் தொடர வேண்டியிருந்தபோது, அப்பிள்ளையின் பக்கத்தில் நிற்கவேண்டிய கடமை யாருக்கு வகுக்கப்பட்டிருந்தது? சான்றிதழைக் கையிற் கொடுத்ததோடு கோவை மூடப்பட்டது.

திரும்பி வராத பிள்ளைகளின் கதை இதனினும் கனமானது. 2009 டிசம்பரில், நன்னடத்தை சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களமும் யுனிசெப்பும் இணைந்து, குடும்பங்களைத் தேடி இணைக்கும் பிரிவொன்றை வவுனியாக் கச்சேரியிலே தொடங்கின. 2011இன் நடுப்பகுதியளவில் அங்கு பதிவான 2,564 விண்ணப்பங்களில் 676, காணாமற்போன சிறுவர்களைப் பற்றியவை. அவர்களிற் பெரும்பாலோர் புலிகளாற் சேர்க்கப்பட்டவர்கள் என்று பெற்றோரே சொல்லியிருந்தார்கள். கண்டுபிடித்துச் சேர்க்கப்பட்டோர் மிகச் சிலர். மற்றப் பெற்றோர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னும், வவுனியா நகரத்து வீதியோரத்திலும், பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கொட்டகை போட்டு அமர்ந்தார்கள். காணாமற்போன பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்திருக்கும் தாயை நாடும் உலகமும் பார்த்திருக்கின்றன. அவளுக்குப் பின்னால், பாடசாலை விட்டு நேரே கொட்டகைக்கு வந்து, புத்தகப் பையை மடியில் வைத்தபடி வீட்டுப்பாடம் எழுதும் தங்கையைப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு பிள்ளை காணாமற்போன வீட்டில் மற்றப் பிள்ளைகளின் பால்யமும் தேடுதலிலேயே கழிகின்றது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி எழுதியபோது, தனியொருவரின் மனக்காயத்தைக் கடந்து, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்ட கூட்டு மனவடுவைச் சுட்டிக்காட்டினார். அத்தகைய வடுவை மாவட்ட வைத்தியசாலையின் ஒரு சிகிச்சைப் பிரிவு மாத்திரம் ஆற்றிவிடாது.

யுத்தத்தின் மற்றுமொரு எச்சம் ஒரு காகிதத்தில் இருக்கிறது. ஆட்சேர்ப்புக்கு அஞ்சிய பெற்றோர், விவாகமானவர்களைப் பிடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், பதினாறிலும் பதினேழிலும் பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவைத்தார்கள். ஆகக் குறைந்த விவாக வயது 1995 முதல் பதினெட்டாதலால் அவற்றைப் பதிவு செய்ய முடியவில்லை. பின்னர் கணவன் எறிகணைக்கு இரையானான், அல்லது காணாமற்போனான். கைக்குழந்தையோடு முகாமுக்கு வந்த அந்த இளந்தாய் பிறப்புப் பதிவுக்குச் சென்றபோது, பெற்றோர் விவாகமானவர்களா என்னும் கூட்டில் இல்லை என்று எழுதப்பட்டது. தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டது. முதலாம் வகுப்பில் சேர்க்கும் நாளிலும், சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நாளிலும், அடையாள அட்டை எடுக்கும் நாளிலும் அந்தப் பிள்ளை அந்தக் காகிதத்தை மேசையின் மீது வைக்க வேண்டும். மேசைக்கு அப்பாலிருப்பவர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார்வையைத் தாங்க வேண்டும். பிறப்புப் பதிவே தொலைந்த பிள்ளைகள் உத்தேச வயதுச் சான்றிதழோடு காலந்தள்ளுகிறார்கள். நடமாடும் சேவைகளால் பலருடைய பத்திரங்கள் சீராக்கப்பட்டமை உண்மை. ஆனால் சுயமரியாதையை வளர்க்கும் சூழல் என்று சமவாயம் சொல்லுவது, ஒரு பிள்ளை தன் பிறப்புப் பத்திரத்தை மறைக்காமல் நீட்டக்கூடிய நிலையையும் உள்ளடக்கியதல்லவா?

வவுனியா வடக்கில், நெடுங்கேணிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் தை மாதத்து முற்பகலொன்றில் நான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் கால்வாசி இருக்கைகள் வெறுமையாயிருந்தன. நான்கு நாள் கழித்து அன்று வந்திருந்த பையனிடம், “ஏன் தம்பி வரேல்லை?” என்று ஆசிரியர் கேட்டார். “அம்மாவோட உழுந்து பிடுங்கப் போனனான், சேர்” என்றான். அவன் விரல்களில் உழுந்துக் கொடியின் பச்சைக் கறை இன்னும் போகவில்லை. ஆசிரியர் அவனைக் கடியவில்லை. விடுபட்ட பாடத்தைப் பக்கத்து மாணவியின் கொப்பியைப் பார்த்து எழுதச் சொன்னார். அந்த ஆசிரியரும் விடியற்காலைப் பஸ்ஸில் வெகுதூரத்திலிருந்து வருகிறவர். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் வவுனியா வடக்கிலும் துணுக்காயிலும் இன்றும் உள்ளன. வருகிறவர்களும் கட்டாய சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுப் போய்விடுகிறார்கள். பஸ் இரண்டு மணிக்குத் தப்பினால் மறு பஸ் மாலையில். அதனால் மேலதிக வகுப்பும் இல்லை, விளையாட்டும் இல்லை. மாலையில் யானை வரும் பாதையில் பிள்ளைகளை நிறுத்திவைக்க எந்த அதிபர் துணிவார்?

யுத்தத்தின் பின் வன்னியில் வீதிகள் செப்பனிடப்பட்டன, யாழ்தேவி 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடிற்று, இரண்டு மாடிப் பாடசாலைக் கட்டடங்கள் எழுந்தன. கொடையாளர்க்கும் அரசுக்கும் கட்டடத்தைத் திறந்துவைத்தல் எளிதாக இருந்தது. பிள்ளைக்கு அருகே, அதன் ஊரிலேயே, ஆண்டுக்கணக்காக நிலைத்து நின்று அதற்குப் பொறுப்புச் சொல்லக்கூடிய மனிதரை நியமித்தல்தான் நிகழவில்லை. வன்னிச் சிறுவர் உரிமையின் குறைகள் யாவும் இந்த ஒரு மூலத்தையே சென்றடைகின்றன என்பது என் திடமான அபிப்பிராயம்.

முன்பள்ளிகளின் விஷயத்தில் இது தெளிவாகப் புலப்படும். மாகாண நிருவாகத்தின் கீழுள்ள முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைப்பது மாதம் சில ஆயிரம் ரூபாக் கொடுப்பனவு. சம்பளம் என்று சொல்லத் தகாதது. யுத்தத்தின் பின்னர், பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான முன்பள்ளி ஆசிரியைகளைத் தன் ஊழியர்களாக அமர்த்தி, அதனினும் பன்மடங்கு ஊதியம் வழங்கிற்று. விதவைத் தாயாகவும் குடும்பத் தலைவியாகவுமுள்ள ஒருத்தி அந்த வேலையை ஏற்றதைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆயினும் மூன்று வயதுப் பிள்ளை அகரம் எழுதப் பழகும் இடம் பாதுகாப்பு அமைச்சின் பரிபாலனத்துக்குள் இருத்தலும், சில முன்பள்ளிகளில் பிள்ளைகளின் சீருடையிலேயே அத்திணைக்களத்தின் சின்னம் பொறிக்கப்பட்டதும், யுத்தத்திலிருந்து பிள்ளையை மீட்டெடுக்கும் நெறிக்கு நேர்மாறானவை. கல்வி அமைச்சே அந்த ஆசிரியைகளை அதே ஊதியத்தோடு பொறுப்பேற்றல் வேண்டும்.

இங்கே ஒரு பழைய செய்தியை நினைவூட்டுவது பொருந்தும். 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் மலைநாட்டிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களை வன்னியின் எல்லைக் கிராமங்களிற் குடியேற்றிய காந்தீயம் இயக்கம், கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட் அவர்களாலும் வைத்தியர் எஸ். இராஜசுந்தரம் அவர்களாலும் வவுனியாவை மையமாகக்கொண்டு நடத்தப்பட்டது. அவர்கள் குடியேற்றங்களில் முக்கியமாய்த் தொடங்கியவை முன்பள்ளிகளே. அவ்வூர்ப் பெண்களையே பயிற்றி, அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியைகளாக்கினார்கள். சமவாயமோ அதிகார சபையோ இல்லாத காலம் அது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அந்த முன்பள்ளிகளிற் படித்த பிள்ளைகள் சிலரின் பேரப்பிள்ளைகள் இன்று அதே எல்லைக் கிராமங்களில் வாழ்கிறார்கள். ஊரிலேயே இருக்கும் ஒருவர் பிள்ளைக்குப் பொறுப்பாதல் என்ற அந்த ஏற்பாடு மட்டும் மீளவில்லை.

துஷ்பிரயோகத்துக்குள்ளான பிள்ளையின் வழி எத்தகையது? தாய் காலைப் பஸ்ஸில் பிள்ளையை அழைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு வருகிறாள். சிறுவர் மகளிர் பிரிவில் தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் அன்று கடமையில் இல்லையேல், மறுநாள் வரச் சொல்கிறார்கள். வாக்குமூலம் எழுதிய பின் சட்ட வைத்திய அதிகாரியிடம் செல்ல வேண்டும். பின்னர் நீதவான் முன்னிலை. ஒவ்வோரிடத்திலும் பிள்ளை அதே சம்பவத்தை முதலிலிருந்து சொல்கின்றது. பாரதூரமான வழக்கெனின் கோவை கொழும்பிலுள்ள சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், குற்றப்பத்திரம் திரும்பி வர ஆண்டுகள் கழிகின்றன. அதற்கிடையில் பிள்ளை வளர்ந்து, ஊரும் மாறி, தவணைக்குத் தவணை கூலி வேலையை விட்டு வரும் தாய் சலித்துப்போகிறாள். எதிராளி அதே ஊரில் பிணையில் நடமாடுகிறான். நாடு முழுதும் கொதித்தெழுந்த புங்குடுதீவு மாணவியின் படுகொலை வழக்கில் கூட, மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று அமைத்தும், 2015 மே மாதக் குற்றத்துக்குத் தீர்ப்பு 2017 செப்டெம்பரிலேயே வந்தது. எவரும் கொதித்தெழாத வழக்கு எத்தனை காலம் கிடக்கும்? பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக ஏற்பதற்கு 1999ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு நகரங்கள் மூன்றிலும் அதற்குரிய அறையொன்றும் பயிற்சி பெற்ற தமிழ் உத்தியோகத்தரும் வழக்கமாகக் கிடைக்கும் நிலையை உண்டாக்குவது பெருஞ்செலவான காரியமன்று.

சிறுவர் இல்லங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவிற்குளம் அகிலாண்டேஸ்வரி அருளகம் போன்றவை இடுக்கண் மிகுந்த நாள்களில் எத்தனையோ பிள்ளைகளை ஏந்திக்கொண்டன. அந்தத் தர்மத்தை வன்னி மறவாது. ஆயினும் இந்நாட்டின் இல்லங்களில் வாழும் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு உறுத்துகிறது. வறுமையே அவர்களை அங்கு சேர்த்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் அரிசியும் அப்பியாசக் கொப்பியும் எட்டாத விலைக்கு ஏறி, கிளினிக்கில் திரிபோஷாச் சத்துமாவும் கிடையாமற்போன மாதங்களில், பிள்ளையை இல்லமொன்றில் விட்டால் மூன்று வேளையும் உண்ணுமே என்று எண்ணிய தாய்மார் பலர். இல்லத்தில் ஒரு பிள்ளைக்குச் செலவாகும் பணத்தை அத்தாயின் கையில் மாதந்தோறும் கொடுத்தால், பிள்ளை தாயோடேயே வளருமே என்று கேட்பவர்களுக்கு இன்னும் திருப்தியான விடை தரப்படவில்லை.

பிள்ளையின் உடற் பாதுகாப்பைத் தொடும் இரண்டு விடயங்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். பிரம்படியைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005இல் விடுத்த சுற்றறிக்கை வகுப்பறைகளில் இன்னும் பூரணமாக அனுசரிக்கப்படவில்லை. முகமாலைப் பக்கத்துக் கண்ணிவெடிகள் இன்னும் அகற்றப்பட்டுக்கொண்டிருக்கின்றன. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவாச் சமவாயத்தில் இலங்கை 2017இல் இணைந்தபின் அவ்வேலை முன்னேறியிருத்தல் ஆறுதலளிப்பது.

நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும், பதின்மூன்றாம் திருத்தத்தின்படி, மாகாணத்துக்குரிய விடயங்கள். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது; அதன்பின் தேர்தல் நடத்தப்படவில்லை. ஆளுநரின் கீழ் உத்தியோகத்தர்களே மாகாணத்தை நடத்திவருகிறார்கள். வவுனியா வடக்கில் நன்னடத்தை உத்தியோகத்தரின் வெற்றிடம் எத்தனை மாதமாக நிரப்பப்படாதிருக்கிறது என்று மாகாண சபையில் எழுந்து கேட்கும் பிரதிநிதி ஒருவரும் இல்லை. அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைச்சரும் இல்லை. வயது வந்தோரின் அரசியல் உரிமை நிறுத்திவைக்கப்படுமாயின் அதன் நட்டம் முதலில் பிள்ளைகளையே சேர்கிறது. மாகாண சபைத் தேர்தலைத் தமிழ்க் கட்சிகள் அதிகாரப் பகிர்வின் பெயரால் கேட்கின்றன; பிள்ளைகளின் பெயராலும் கேட்க வேண்டும்.

தேர்தல் வரும்வரை காத்திருக்க அவசியமில்லாத ஒரு காரியம் உண்டு. 14 பிரதேச செயலர் பிரிவுகளிலும் சிறுவர்களுக்கென வகுக்கப்பட்ட பதவிகள் எத்தனை, அவற்றுள் ஆள் இருப்பவை எத்தனை, அவர்களுள் அப்பிரிவிலேயே வசிப்பவர் எத்தனை, ஓராண்டுக்கு மேல் தீர்க்கப்படாத சிறுவர் வழக்குகள் எத்தனை என்ற நான்கு எண்களை மாவட்டச் செயலர்கள் மூவரும் ஆண்டுதோறும் ஒக்டோபர் முதலாம் திகதி, விழா மேடையிலேயே, பெற்றோர் முன்னிலையில் வாசித்தல் வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, வெளிநாட்டு உதவியும் வேண்டியதில்லை. அந்த எண்கள் அவர்களுடைய கோவைகளிலேயே இருக்கின்றன.